வானம் கைவிட்டுப் போன பிறகு வந்த டாங்கிகள்

கேள்வி: “இரண்டாம் உலகப் போரின் கடைசியில் விமானங்களைச் சுடுவதற்கென்றே ஜெர்மனி ‘கூகல்பிளிட்ஸ்’ என்று ஒரு டாங்கியைச் செய்ததாகப் படித்தேன். காலத்தை மீறிய வடிவமைப்பு என்கிறார்கள். அப்படியென்றால் அது ஏன் நாலைந்து வண்டிகளோடு நின்றுபோனது? ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் போரின் போக்கு மாறியிருக்குமா?”

மாறியிருக்காது. கூகல்பிளிட்ஸ் அருமையான வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது வந்த நேரமும், அது தீர்த்துவைத்த சிக்கலும், அதைச் செய்ய அந்த நாட்டில் மிச்சமிருந்த தெம்பும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. போர்க்காலத்தில் சோதனை முறையில் செய்யப்பட்ட விமான எதிர்ப்பு டாங்கிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், நாடு மாறினாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. வானம் தன் கையில் இருக்கும்வரை எந்தப் படையும் இப்படி ஒரு வண்டியைக் கேட்பதில்லை. வானம் போன பிறகு அவசர அவசரமாகக் கேட்கிறது. அதற்குள் செய்து தர வேண்டிய தொழிற்சாலையின் மேலேயே குண்டு விழுந்துகொண்டிருக்கும்.

முதலில், பறக்கும் விமானத்தை ஒரு டாங்கியிலிருந்து சுடுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் வண்டிகளைப் பற்றிப் பேசினால் வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடும்.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் உங்கள் முன்னால் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வினாடிக்குச் சுமார் 139 மீட்டர். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் அதற்கும் ஒரு கிலோமீட்டர். உங்கள் கையில் 20 மி.மீ. பீரங்கி. குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு 900 மீட்டர் வேகம் இருக்கும். ஆனால் காற்று இழுக்க இழுக்க வேகம் குறைந்துகொண்டே போகும். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்கக் குறைந்தது ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் விமானம் 200 மீட்டருக்கு மேல் போய்விட்டது. சோவியத்தின் இல்-2 தாக்குதல் விமானம் மூக்கிலிருந்து வால்வரை 12 மீட்டர்கூட இல்லை. அப்படியென்றால் விமானத்தின் நீளத்தைப் போலப் பதினேழு, பதினெட்டு மடங்கு முன்னால், ஒன்றுமே இல்லாத வானத்தைக் குறிபார்க்க வேண்டும். தூரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எந்தக் கோணத்தில் போகிறது என்று மூன்றையும் கண்ணாலேயே அளந்து, மூன்று நான்கு வினாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். இதில் எது கொஞ்சம் பிசகினாலும் குண்டு வெற்று வெளியில் போகும்.

விமானம் பக்கத்தில் வந்தால் சுலபம் என்று தோன்றும். அதே விமானம் 150 மீட்டர் தூரத்தில் குறுக்கே பாய்ந்தால், அதைத் தொடர்ந்து குறிபார்க்கப் பீரங்கி வினாடிக்கு 50 பாகைக்கு மேல் திரும்ப வேண்டும். கைச்சக்கரத்தைச் சுற்றித் திருப்பும் பீரங்கியால் அது முடியாது.

ஆக இந்த வண்டிக்கு என்னென்ன வேண்டும் என்பது தெளிவு. குறி தப்புவதை எண்ணிக்கையால் ஈடுகட்ட மழைபோலக் குண்டு கொட்ட வேண்டும். சட்டென்று திரும்ப வேண்டும். எதிரி விமானம் திருப்பிச் சுடும்போது உள்ளிருப்பவர்கள் சாகாமல் இருக்கக் கவசம் வேண்டும். டாங்கிகளோடு சேர்ந்து சேற்றிலும் வயலிலும் போகச் சங்கிலிச் சக்கரம் வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு போனதுதான் 1943, 1944-இன் வரலாறு. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, எங்கே சுடுவது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கருவி. அதை அந்தப் போரில் யாரும் டாங்கிக்குள் கொண்டுவரவில்லை.

போரின் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு இந்தத் தலைவலியே இல்லை. வானம் அவர்களுடையது. விமான எதிர்ப்புப் பீரங்கிகளில் பெரும்பகுதியும் தரைப்படையிடம் இல்லை, கோரிங்கின் விமானப்படையிடம் இருந்தன. படையோடு போக வேண்டுமென்றால் முன்னால் டயரும் பின்னால் சங்கிலியும் உள்ள இழுவை வண்டியின் முதுகில் ஒரு 20 மி.மீ. பீரங்கியை ஏற்றி அனுப்புவார்கள். பீரங்கிக்காரர்கள் திறந்த மேடையில் நிற்பார்கள். 1941-இல் பான்சர் 1 என்ற பழைய சிறு டாங்கிகள் 24-ஐ எடுத்து, அவற்றின் மேல் 20 மி.மீ. பீரங்கியைப் பொருத்தி ஒரு பட்டாலியனுக்குக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஸ்டாலின்கிராடில் போயின. அதோடு அந்தப் பேச்சு கொஞ்ச காலம் அடங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஹங்கேரியைச் சொல்லாமல் போனால் அநியாயம். ஸ்வீடனின் லாண்ட்ஸ்வெர்க் நிறுவனம் போருக்கு முன்பே 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கியோடு ஒரு விமான எதிர்ப்பு டாங்கியை வடிவமைத்திருந்தது. ஹங்கேரி அதை வாங்கிப் பார்த்து, உரிமம் பெற்று, ‘நிம்ரோட்’ என்ற பெயரில் 135 வண்டிகள் செய்தது. சங்கிலிச் சக்கரம், சுழலும் டரெட் (பீரங்கி இருக்கும் மேல்கூடு), நல்ல பீரங்கி எல்லாம் 1940-களின் தொடக்கத்திலேயே அதில் வந்துவிட்டன. ஆனால் விமானத்தையும் சுட வேண்டும், எதிரி டாங்கியையும் உடைக்க வேண்டும் என்று இரண்டு வேலையை அதன் தலையில் கட்டினார்கள். சோவியத்தின் டி-34 டாங்கியின் முன்பக்கக் கவசத்துக்கு முன்னால் 40 மி.மீ. குண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. நிம்ரோடின் சொந்தக் கவசமோ 13 மி.மீ. தான். பின்லாந்து இதே குடும்பத்து வண்டிகள் ஆறை வாங்கி, 1944-இல் தன் கவசப் பிரிவுக்கு, அதாவது டாங்கிப் படைப்பிரிவுக்கு, காவலாக வைத்துக்கொண்டது. ஆறே வண்டி என்றாலும் விமானம் சுடுவது ஒன்றுதான் வேலை என்று கொடுத்ததால் அவை உருப்படியாகப் பயன்பட்டன.

பிரிட்டன் 1940-இல் பிரான்சில் ஜெர்மானிய விமானங்களிடம் வாங்கிய அடிக்குப் பிறகு, தன் இலகுரக டாங்கி ஒன்றில் நான்கு பெசா இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்திப் பார்த்தது. 7.92 மி.மீ. தோட்டா விமானத்தைத் துளைக்கும், வீழ்த்துவது அரிது. ஆனாலும் அந்த முயற்சி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடி வாங்கியவன்தான் முதலில் யோசித்தான் என்பதற்கு அது சாட்சி.

1943-இல் முறை ஜெர்மனியுடையதாயிற்று. கிழக்கில் இல்-2 விமானங்கள் கூட்டம் கூட்டமாகத் தாழப் பறந்து வந்தன. விமானியையும் என்ஜினையும் சுற்றித் தொட்டிபோலக் கவசம் வைத்துக் கட்டிய விமானம் அது. ஒற்றை 20 மி.மீ. குண்டு பட்டால் பல நேரம் தாங்கிக்கொண்டு திரும்பிவிடும். மேற்கில் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் இறங்கப்போகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். ஜெர்மானியப் போர் விமானங்கள் தங்கள் சொந்த நகரங்களைக் காக்கவே போதவில்லை. முன்னணியில் உள்ள டாங்கிப் படை தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற நிலை வந்தது.

முதலில் கைக்குக் கிடைத்தது செக் நாட்டு 38(டி) டாங்கியின் அடிச்சட்டம். அதன் பின்புறத்தில் ஒற்றை 20 மி.மீ. பீரங்கியை வைத்து, 1943 நவம்பர் முதல் சுமார் 140 வண்டிகள் செய்தார்கள். ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை என்ற அளவுதான்.

அடுத்து வந்தது ‘மோபெல்வாகன்’. ஜெர்மன் மொழியில் மரச்சாமான் ஏற்றிப் போகும் வண்டி என்று பொருள். படத்தைப் பார்த்தால் பெயர்க் காரணம் உடனே புரியும். பான்சர் 4 டாங்கியின் டரெட்டைக் கழற்றிவிட்டு, 37 மி.மீ. பீரங்கியை நட்டு, நாலு பக்கமும் உயரமான இரும்புத் தகடுகளைக் கீல் வைத்து நிறுத்தியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய பெட்டி நகர்ந்து வருவதுபோல இருக்கும். 1944 மார்ச் தொடங்கி ஏறத்தாழ 240 செய்தார்கள்.

இதில் சுடுவது எப்படி என்று பாருங்கள். தகடுகள் நிமிர்ந்து நிற்கும்போது பீரங்கியால் தாராளமாகத் திரும்ப முடியாது. ஓரளவு சாய்த்தால்தான் நாலு பக்கமும் சுழலும். தாழப் பறந்து வரும் விமானத்தையோ தரையில் உள்ள இலக்கையோ சுட வேண்டுமென்றால் தகடுகளை முழுவதுமாகக் கீழே இறக்கிப் படுக்கப்போட வேண்டும். அப்போது பீரங்கிக்காரர்கள் ஒரு மேடைமேல் எந்த மறைப்பும் இல்லாமல் நிற்கிறார்கள். விமானம் தென்பட்டு அது சுடத் தொடங்கும்வரை கிடைப்பது சில வினாடிகள். அந்தச் சில வினாடியில் இரும்புத் தகட்டை இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். எந்த நேரத்தில் கவசம் தேவையோ அந்த நேரத்தில் கவசத்தைக் கழற்றி வைக்கும்படி செய்யப்பட்ட வண்டி அது. ராணுவமும் இதை இடைக்கால ஏற்பாடு என்றே சொல்லித்தான் ஏற்றுக்கொண்டது.

இந்தக் குறையைச் சரிசெய்யும் யோசனை மேலிடத்திலிருந்து வரவில்லை. நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்.எஸ்.-இன் 12-ஆவது கவசப் பிரிவில் விமான எதிர்ப்பு அதிகாரியாக இருந்த கார்ல் வில்ஹெல்ம் கிரவுசே என்பவர், டரெட் கழற்றிய பான்சர் 4-இல் நான்கு குழல் 20 மி.மீ. பீரங்கியைப் பொருத்திக் களத்திலேயே சோதித்துப் பார்த்தார். பிறகு அதைச் சுற்றிக் கவசச் சுவர் வைத்துத் தானும் சேர்ந்து சுழலும் டரெட்டாக்கலாம் என்ற வடிவத்தை முன்வைத்தார். அதுதான் ‘விர்பெல்விண்ட்’, அதாவது சூறைக்காற்று. இந்த 12-ஆவது எஸ்.எஸ். பிரிவு 1944 ஜூனில் நார்மண்டியில் சரணடைந்த கனடா வீரர்களைச் சுட்டுக் கொன்ற பிரிவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். வண்டியின் புத்திசாலித்தனத்தைப் பேசும்போது அதை ஓட்டியவர்கள் யார் என்பதை மறந்துவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

விர்பெல்விண்டுக்குப் புது டாங்கி எதுவும் ஒதுக்கப்படவில்லை. போர்முனையில் அடிபட்டுப் பழுதுபார்க்க வந்த பான்சர் 4 வண்டிகளை எடுத்து, சைலீசியாவில் சாகன் என்ற சிறு நகரத்தின் ஆஸ்ட்பவ் பட்டறையில் மாற்றியமைத்தார்கள். அதே சாகனுக்குப் பக்கத்தில்தான், சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானப்படை வீரர்களை அடைத்து வைத்திருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாம் இருந்தது. 1944 மார்ச்சில் சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பினார்களே, அந்த முகாம். பிடிபட்டவர்களில் 50 பேரைக் கொன்றுவிட்டார்கள். விமானிகளை அடைத்து வைத்த இடமும் விமானிகளைச் சுடும் டாங்கியைச் செய்த இடமும் ஒரே ஊர் என்பதை முதன்முதலில் வரைபடத்தில் பார்த்தபோது எனக்குச் சட்டென்று மனம் கனத்தது.

விர்பெல்விண்டின் டரெட் ஒன்பது பக்கம் கொண்டது. 16 மி.மீ. தகடுகளைச் சரிவாக வைத்துப் பற்றவைத்தது. மேலே கூரை கிடையாது. உள்ளே மூன்று பேர். நடுவில் சுடுபவர், இரண்டு பக்கமும் குண்டு போடுபவர்கள். சுடுபவரின் காலடியில் இரண்டு பெடல்கள். ஒவ்வொரு பெடலும் மூலைக்கு மூலை எதிரெதிராக உள்ள இரண்டு குழல்களை இயக்கும். ஒரு ஜோடிக்கு மேகஸின் என்ற குண்டுப் பெட்டியை மாற்றும்போது மற்ற ஜோடி சுடலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஏனென்றால் ஒரு மேகஸினில் இருப்பது 20 குண்டு. ஒரு குழல் நிமிடத்துக்கு 450 என்ற கணக்கில் சுட்டால் அது மூன்று வினாடிகூடத் தாங்காது. ஏட்டில் நான்கு குழலும் சேர்ந்து நிமிடத்துக்கு 1,800 குண்டு என்று இருக்கும். நடைமுறையில் 800 போனாலே பெரிது. அந்த வித்தியாசம் முழுவதும், குண்டு போடுகிற இரண்டு பேரின் தோளிலும் விரலிலும்தான் இருந்தது. காலியான மேகஸினை உருவி, அடுத்ததைச் செருகி, அது பூட்டுவதற்குள் பக்கத்துக் குழல் தீர்ந்திருக்கும். இதெல்லாம் நடக்கும்போது டரெட் சுழன்றுகொண்டும் இருக்கும். அதுவும் கையால் சுற்றும் சக்கரம்தான்.

கூரை இல்லாதது மறதியால் அல்ல. நான்கு குழலிலிருந்து வரும் புகை வெளியேற வழி வேண்டும். அதைவிட முக்கியம், வானத்தைக் கண்ணால் தேட வேண்டும். ஆனால் அந்தத் திறந்த வாய் வழியாகவே மேலிருந்து தோட்டாவும் எறிகுண்டுச் சிதறலும் உள்ளே வரும்.

ஏறத்தாழ நூறு விர்பெல்விண்டுகள் செய்யப்பட்டன. பிறகு 20 மி.மீ. குண்டின் பலம் போதவில்லை என்பதால் அதே பாணியில் ஆறு பக்க டரெட்டில் 37 மி.மீ. பீரங்கியோடு ‘ஆஸ்ட்விண்ட்’ வந்தது. 20 மி.மீ. குண்டு சுமார் 120 கிராம், 37 மி.மீ. குண்டு 600 கிராமுக்கு மேல். ஒன்று பட்டாலே விமானம் திரும்பாது. ஆனால் ஒற்றைக் குழல், நிமிடத்துக்கு 250 தான். எண்ணிக்கையா எடையா என்ற இந்த இழுபறிக்கு நடுவில்தான் கூகல்பிளிட்ஸ் பிறந்தது.

(88 மி.மீ. பீரங்கியையே டாங்கி அடிச்சட்டத்தில் ஏற்றிய சோதனை வண்டியும் ஒன்று உண்டு. குருப் நிறுவனம் மூன்று மாதிரிகள் செய்தது. அந்த அளவுப் பீரங்கி உயரத்தில் பறக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்கானது. தலைக்கு மேலே சீறிப் போகும் தாக்குதல் விமானத்தின் பின்னால் அதைத் திருப்ப முடியாது. அதனால் அந்தப் பாதை முட்டுச்சந்தாகவே முடிந்தது.)

கூகல்பிளிட்ஸ் என்றால் பந்து மின்னல். பான்சர் 4-இன் அடிச்சட்டத்தில் டைகர் டாங்கியின் அகலமான டரெட் வளையத்தைப் பொருத்தி, அதன்மேல் உருண்டை வடிவ டரெட்டை வைத்தார்கள். உள்ளே இரண்டு எம்.கே. 103 பீரங்கிகள், 30 மி.மீ. அளவு. இது விமானத்தில் வைப்பதற்காகச் செய்த பீரங்கி. கனம் அதிகம், உதை அதிகம் என்பதால் பல விமானங்களுக்கு அது ஒத்துவரவில்லை. 25 டன் டாங்கிக்கு அந்த உதை ஒரு பொருட்டே இல்லை. விமானத்துக்குப் பாரமாக இருந்த பீரங்கி இங்கே பொருத்தமாக வந்து உட்கார்ந்தது.

இதன் அருமை எங்கே என்றால், குழல்கள் மட்டும் தனியாக ஏறி இறங்குவதில்லை. உருண்டை முழுவதும், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்களோடு சேர்ந்து ஏறி இறங்கும். பீரங்கி எங்கே பார்க்கிறதோ சுடுபவரின் கண்ணும் அங்கேயே பார்க்கும். சுற்றிலும் கவசம், தலைக்கு மேலும் மூடி. ஹைட்ராலிக் விசையில் வினாடிக்கு 60 பாகை வேகத்தில் திரும்பக்கூடியது. குண்டுகள் பெல்ட்டில் வரும், அதனால் மூன்று வினாடிக்கு ஒருமுறை மேகஸின் மாற்றும் அவஸ்தை இல்லை. இரண்டு குழலும் சேர்ந்து நிமிடத்துக்கு 800-க்கு மேல், ஒவ்வொரு குண்டும் 300 கிராமுக்கு மேல். நான் முன்பு சொன்ன நான்கு தேவைகளையும் ஒரே வண்டியில் தீர்த்த முதல் ஜெர்மானிய வடிவமைப்பு இதுதான். உங்கள் கேள்வியில் உள்ள “காலத்தை மீறிய” என்ற பாராட்டு இந்த அளவில் நியாயமானது.

ஆனால் இரண்டு சிக்கல்கள். எல்லாப் பக்கமும் மூடினால் பீரங்கிப் புகை உள்ளேயே தங்கும், காற்றோட்டத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. அடுத்து, மூடிய உருண்டைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வானம் தெரிவது ஒரு சிறு கண்ணாடி வழியாக மட்டுமே. விமானம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டால்தானே மற்றதெல்லாம்? திறந்த விர்பெல்விண்டில் மூன்று பேர் தலையை நிமிர்த்தி வானம் முழுவதையும் தேடலாம். கூகல்பிளிட்ஸ் ஆட்களைக் காப்பாற்றிய அதே மூடி அவர்கள் கண்ணைக் கட்டியது. எங்கே குறிவைப்பது என்ற கணக்கும் பழையபடி மனிதக் கண்ணிடமே இருந்தது.

உற்பத்தி நிலவரம் இதைவிட மோசம். அடிச்சட்டம் ஓரிடம், டரெட் ஓரிடம், பீரங்கி ஓரிடம் என்று பிரித்துச் செய்ய வேண்டியிருந்தது. பொருத்த வேண்டிய டாய்ஷே ஐசன்வெர்கே ஆலை ரூர் என்ற தொழிற்பகுதியில் டுயிஸ்பர்க்கில் இருந்தது. ரூர் பகுதியில் 1945 தொடக்கத்தில் ரயில் ஒழுங்காக ஓடவில்லை. ஓடுகிற ரயிலையும் விமானம்தான் அடித்தது. கிழக்கே சாகனைச் சோவியத் படை நெருங்கிவிட, அந்தப் பட்டறையும் இடம் மாற வேண்டியதாயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்பார்களே, அப்போது நாலைந்து கூகல்பிளிட்ஸ் வந்தாலும் நாற்பது வந்தாலும் ஒன்றுதான். அவற்றில் ஒன்றின் சிதைந்த பாகங்கள் பல பத்தாண்டுகள் கழித்துத் தூரிங்கியா பகுதியில் தோண்டி எடுக்கப்பட்டன.

ஒரு வருடம் முன்பே வந்திருந்தால்? 1944 கோடையில் ஜெர்மனியின் ஒரு கவசப் படைப்பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட விமான எதிர்ப்பு டாங்கிகளே எட்டு என்ற அளவில்தான். ஒரு பிரிவின் வாகனங்கள் பல கிலோமீட்டர் சாலையை அடைத்துக்கொண்டு போகும். எட்டு வண்டி எந்த மூலைக்கு? 1944 ஜூலை 17 அன்று நார்மண்டியில் ஜெர்மானியத் தளபதி ரோமெல் போன திறந்த காரை விமானங்கள் சுட்டன. அவர் மண்டை உடைந்து மருத்துவமனைக்குப் போனார். ஒரு பீல்டு மார்ஷலே பட்டப்பகலில் சாலையில் போக முடியாத வானத்தைச் சில நூறு டாங்கிகளால் திருப்பிப் பிடிக்க முடியாது. அது போர் விமானங்களின் வேலை. அதைச் செய்ய விமானமும் பெட்ரோலும் பயிற்சி பெற்ற விமானியும் வேண்டும். மூன்றும் அவர்களிடம் தீர்ந்துகொண்டிருந்தன.

அதற்காக இந்த வண்டிகள் வீண் என்று நான் சொல்லவில்லை. எத்தனை விமானம் விழுந்தது என்று மட்டும் எண்ணினால் இவற்றின் பயன் தெரியாது. 1944 ஆகஸ்டில் பிரான்சில் நடந்த மோர்டான் சண்டைக்குப் பிறகு பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவினர் களத்தில் கிடந்த ஜெர்மானிய டாங்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ராக்கெட்டால் அழித்ததாக விமானிகள் சொன்ன எண்ணிக்கைக்கு வெகு கீழேதான் உண்மை இருந்தது. டாங்கியை ராக்கெட்டால் அடிப்பது அவ்வளவு சிரமம். தாழ வந்து, நேராகப் பறந்து, நிதானமாகக் குறிபார்த்தால்தான் நடக்கும். கீழிருந்து ஒளிக்கோடுகளாகக் குண்டு ஏறி வரும்போது எந்த விமானிக்கும் அந்த நிதானம் இருக்காது. ஒரு வினாடி முன்னதாக ராக்கெட்டை விட்டுவிட்டுத் திரும்பினால், அந்த ஒரு வினாடிதான் கீழே இருக்கும் ஐந்து பேரின் உயிர். இந்தக் கணக்கு எந்த வெற்றிப் பட்டியலிலும் ஏறாது.

எதிர்ப்பக்கத்துக் கதை நேர்மாறானது. பிரிட்டன் குருசேடர் டாங்கியில் முதலில் 40 மி.மீ. போஃபர்ஸ், பிறகு இரட்டை 20 மி.மீ. ஓர்லிகான் பொருத்தி நார்மண்டிக்கு அனுப்பியது. சுட ஜெர்மானிய விமானமே அபூர்வம் என்றானதால் 1944 கோடையிலேயே அந்தக் குழுக்களைக் கலைத்து ஆட்களை வேறு டாங்கிகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். அமெரிக்கா ஷெர்மன் அடிச்சட்டத்தில் 40 மி.மீ. பீரங்கி வைத்த டி-52 மாதிரியைச் சோதித்து, டரெட் திரும்பும் வேகம் போதாதென்று கைவிட்டது. நான்கு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி வைத்த எம்-16 பாதிச் சங்கிலி வண்டியே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. சோவியத் யூனியன் டி-70 டாங்கியில் இரட்டை 12.7 மி.மீ. துப்பாக்கி வைத்து டி-90 என்ற மாதிரியைச் செய்து அதோடு நிறுத்திவிட்டு, எம்-16 போன்ற நான்கு குழல் வண்டிகள் ஆயிரத்தை அமெரிக்காவிடமிருந்து பெற்றுக்கொண்டது.

என்னை மிகவும் கவர்ந்தது கனடாவின் ‘ஸ்கிங்க்’. மான்ட்ரியலில் செய்த ஷெர்மன் வகை டாங்கியின் மேல், வார்ப்பில் செய்த டரெட்டில் நான்கு 20 மி.மீ. போல்ஸ்டன் பீரங்கிகள். போல்ஸ்டன் என்பது போலந்துப் பொறியாளர்கள் பிரிட்டனுக்கு அகதியாக வந்து முடித்த வடிவமைப்பு. ஓர்லிகானின் வேலையைப் பாதிக்கும் குறைவான உதிரிப் பாகங்களில், மிகக் குறைந்த செலவில் செய்யும் பீரங்கி அது. ஸ்கிங்கின் டரெட் விசையால் வினாடிக்கு 60 பாகைக்கு மேல் திரும்பியது. கூகல்பிளிட்ஸ் எட்ட நினைத்த வேகத்தைக் கனடாக்காரர்கள் ஆரவாரமில்லாமல் எட்டிவிட்டார்கள். ஆனால் 1944 ஆகஸ்டில் இனி தேவையில்லை என்று திட்டத்தையே நிறுத்தினார்கள். ஒரே ஒரு ஸ்கிங்க் 1945 தொடக்கத்தில் ஐரோப்பியப் போர்முனைக்குப் போனது. வெவ்வேறு படைப்பிரிவுகளோடு சுற்றியும் ஒரு எதிரி விமானம்கூட அதன் முன்னால் வரவில்லை. கடைசியில் வீடுகளிலும் பதுங்கு குழிகளிலும் இருந்த காலாட்படை மேல் சுட்டதுதான் அதன் போர் அனுபவம்.

ஐந்தாவது தேவையான அந்தக் கணக்குப் போடும் கருவி, போருக்குப் பிறகுதான் டாங்கிக்குள் வந்தது. 1960-களில் சோவியத்தின் ஷில்கா, நான்கு 23 மி.மீ. குழலோடு ராடாரையும் கணிப்பு இயந்திரத்தையும் ஒரே வண்டியில் வைத்தது. நம் இந்திய ராணுவமும் அதை வாங்கிப் பயன்படுத்தியது. 1970-களில் மேற்கு ஜெர்மனியின் கெபார்ட், தேடுவதற்கு ஒரு ராடார், பின்தொடர்வதற்கு இன்னொரு ராடார் என்று இரண்டோடு வந்தது. கூகல்பிளிட்ஸில் சுடுபவர் கண்ணை இடுக்கிக்கொண்டு ஊகிக்க வேண்டியிருந்த அந்த 200 மீட்டரை இதில் இயந்திரமே கணக்கிட்டுப் பீரங்கியைத் திருப்பிவிடும். பழைய சரக்கு என்று ஜெர்மனி ஓரங்கட்டிய கெபார்ட்தான் 2022 முதல் உக்ரைனில் ரஷ்யா ஏவும் ஷாகெட் டிரோன்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, நீங்கள் இணையத்தில் படித்தவர் என்பதால் ஒரு எச்சரிக்கை. பேந்தர் டாங்கியில் இரட்டை 37 மி.மீ. பீரங்கியோடு ‘கோலியன்’ என்ற வண்டியின் படங்கள் நிறைய உலவுகின்றன. ரைன்மெட்டால் நிறுவனம் வடிவமைத்த அந்த வண்டியின் டரெட் மரத்தால் செய்த மாதிரியாக ஒரு பேந்தர் உடல்மேல் உட்கார்ந்ததோடு சரி. பேந்தர்கள் எல்லாம் போர்முனைக்கே தேவைப்பட்டன. உலோகத்தில் பளபளப்பாக நிற்கும் படங்கள் பொம்மை மாதிரிகளிலிருந்தும் கணினி விளையாட்டுகளிலிருந்தும் எடுத்தவை. கூகல்பிளிட்ஸ் எண்ணிக்கையும் ஒரு கட்டுரையில் இரண்டு, இன்னொன்றில் ஐந்து என்று இருக்கும். டரெட் தயாராகி அடிச்சட்டம் சேராமல் நின்றவற்றை எண்ணுவதா வேண்டாமா என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் கனடாவின் போர்டன் படைத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த விர்பெல்விண்டைப் பற்றி விசாரியுங்கள்.